பலகை வைத்த வீட்டுச் சுவரும் எங்கள் சுண்ணாம்பும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

‘மரபுக் கட்டடம்’ என்று அறிவிக்கும் கல்பலகை வைத்த, நடுவே முற்றம் உள்ள அந்தத் தொட்டிக்கட்டு வீட்டின் திண்ணைச் சுவரில் காரை உதிர்ந்து கிடக்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘சுண்ணாம்பு வேலை இவ்வளவுதான்’ என்று அடியில் ஒரு வரி வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூண் ஓரம், சன்னலடி எல்லாம் பூச்சு அப்படியே இருக்கிறது. விழுந்தது பலகையைச் சுற்றி ஒரு சாண் மட்டும்.

சுவரைப் பூசியது நாங்கள்தான். பலகையைப் பதித்தது வேறு ஆட்கள். கிரானைட் கல்லின் முதுகு முழுக்க சிமெண்ட் அப்பி, நான்கு மூலையிலும் இரும்பு போல்ட் இறக்கியிருக்கிறார்கள். வெட்டுக்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அங்கே முட்டி நின்ற ஈரம் பக்கத்துக் காரை வழியாக வெளியேறும். அதில் கரைந்து வந்த உப்பு காரைக்கு அடியில் பூத்து அதைத் தள்ளும். துருவேறிய இரும்பு பருத்துத் துளையைப் பிளக்கும். கடல்காற்று அடிக்கும் ஊரில் இதற்கு ஒரு மழைக்காலம் போதும். நம் குமரி மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு.

பலகை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கல்லைவிடப் பித்தளைத் தகடு கனம் குறைவு. திருகும் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ இருக்கட்டும். துளையைக் கல்லில் போடாமல் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் போட்டால், பின்னாளில் கழற்றினாலும் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். டிரில்லில் தட்டித் துளைக்கும் ஹேமரை நிறுத்திவிடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் கனம் காற்று போக வேண்டும். இறவாரத்துக்குக் கீழே, மழைச்சாரல் படாத இடமாகப் பாருங்கள்.

‘சிமெண்டைவிட ஏன் இவ்வளவு நாள், இவ்வளவு காசு?’ என்ற கேள்வியும் வருகிறது. நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பு குழியில் தண்ணீருக்கடியில் மூன்று வாரமாவது கிடக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று தப்பினாலும் பூசிய பிறகு சுவரில் கொப்புளமாக வெடிக்கும். சாந்தில் கலக்கும் கடுக்காயும் கருப்பட்டியும் பத்து நாள் ஊற வேண்டும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மேல்பூச்சுக்கு இரண்டும் சரிபாதி. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டினால் வெடிக்கும். பூசிய பின் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, வெயில் படாமல் சாக்கு கட்ட வேண்டும். பனையேறுவோர் குறைந்துவிட்டதால் கருப்பட்டி விலை உங்களுக்கே தெரியும். சீனி கலந்ததை நாங்கள் வாங்குவதில்லை. மூத்த கொத்தனார் முழங்கால் வலியால் சாரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசு கட்டையை அவரைப் போலப் பிடிக்கும் கை இப்போது எங்களிடம் ஒன்றுதான்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிக்க ஒரு துறை இருக்கிறது. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. தெருவில் நிற்கும் வீட்டுக்கு உங்களை விட்டால் யார்? வடிவீசுவரம், தக்கலை, இரணியல் பக்கமிருந்து ‘படம் பார்த்தோம், நீங்கள் நம்ம வேலையைத் தொடருங்கள்’ என்று அழைத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வார்த்தை இல்லாவிட்டால் சுண்ணாம்புக் குழியை மூடியிருப்போம்.

புதிய வேலைகளுக்குச் சதுர அடிக்கு 35 ரூபாய் கூடுகிறது, முன்பணம் பாதி. தரையிலிருந்து ஈரம் ஏறும் மூன்று அடி வரையுள்ள பூச்சு இனி உத்தரவாதத்தில் வராது.

நாங்கள் பூசிய சுவரில் பலகையோ, ஏசியோ, கேபிள் பெட்டியோ எது மாட்டுவதானாலும் முதல் நாளே ஒரு போன் போடுங்கள். வந்து துளைக்கு இடம் குறித்துத் தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.