கறுப்புக் கடிகாரத்துக்கே என் ஓட்டு

அன்புள்ள மலர்,

ஏலத்துக்கு வரும் இரண்டு கப்பல் கடிகாரங்களின் படங்களையும் பார்த்தேன். பளபளக்கிற பித்தளைக் கடிகாரத்தின் மேல்தான் உனக்கு ஆசை என்று தெரிகிறது. என் ஓட்டு அந்தக் கறுப்புக்கு.

பித்தளையைக் குறை சொல்லவில்லை. அதைச் செய்த செல்சீ கடிகாரக் கம்பெனி உன் பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே 1897-இல் தொடங்கியது, நல்ல பெயர். ஆடுகிற கப்பலில் பெண்டுலம் உதவாது என்பதால் உள்ளே பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் சுழலும் சிறு சக்கரம், இருக்கும். மணி மட்டும் வேறு கணக்கு. கப்பலில் காவல் முறையை வாட்ச் என்பார்கள்; நான்கு மணி நேரம் ஒரு வாட்ச். அரை மணிக்கு ஓர் அடி கூடி எட்டில் முடியும். நாலரைக்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு, எட்டு மணிக்கு எட்டு. ராத்திரி பாதித் தூக்கத்தில் கேட்டால் குழம்பிப் போவாய், இப்போதே சொல்லிவிட்டேன்.

கறுப்பு, கப்பலில் தந்திச் செய்தி அனுப்பும் அறையில் மாட்டுகிற ரேடியோ ரூம் கடிகாரம். இரண்டாம் உலகப்போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு. அதனால் செல்சீயும் இன்னொரு கடிகாரக் கம்பெனியான சேத் தாமஸும் அமெரிக்கக் கப்பல்களுக்கு பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக் கூட்டில் செய்து கொடுத்தார்கள். முகப்பில் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்பாக இருக்கிறதே, அந்த நேரத்தில் ஆபத்து அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எந்தக் கப்பலும் சாதாரணச் செய்தி அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. எங்கோ மூழ்கிக்கொண்டிருப்பவனின் மெல்லிய எஸ்.ஓ.எஸ். அப்போதாவது யார் காதிலாவது விழும்.

விளிம்பைச் சுற்றியுள்ள சிறிய சிவப்புக் கோடுகளையும் பார். அவை அபாய அறிவிப்பு அனுப்புவதற்கு. தந்திச் சாவியை நான்கு வினாடி அழுத்தி, ஒரு வினாடி விட்டு, இப்படிப் பன்னிரண்டு முறை. சரியாக ஒரு நிமிடம். வினாடி முள்ளைப் பார்த்தபடியே கையால் அனுப்பலாம். மற்ற கப்பல்களில் ஆபரேட்டர் தூங்கினாலும் ஆட்டோ அலாரம் என்ற கருவி அதைப் பிடித்து அவரை எழுப்பிவிடும். நான் வேலை பார்த்த கப்பல்களிலும் இதே முகப்புதான். 1999 பிப்ரவரியில் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற புதிய தானியங்கி அபாயத் தொடர்பு முறை முழுசாக வந்ததும் கடிகாரத்தோடு சேர்த்து ரேடியோ ஆபரேட்டர்களான எங்களையும் கரையேற்றிவிட்டார்கள். அது போகட்டும்.

வாங்கும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள். சில கடிகாரங்களில் பச்சைத் துண்டுகளும் இருக்கும். அவை 2182 கிலோஹெர்ட்ஸ் பேச்சு ரேடியோவுக்கானவை, போருக்குப் பிந்தியவை. பச்சையைக் காட்டிக்கொண்டே போர்க்கால முகப்பு என்று சொன்னால் நம்பாதே. இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய முட்கள் என்றால் ரேடியமாக இருக்கலாம். வெளிச்சம் எப்போதோ செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. பாதி குறையவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடியைத் திறந்து சுரண்டுகிற வேலை வேண்டாம். ஒருவேளை பித்தளையைத்தான் வாங்குவாய் என்றால், வெள்ளிப்பூச்சு முகப்பை யாராவது பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்களா என்று பார். தேய்த்தால் பூச்சு போச்சு. கொஞ்சம் மங்கிய முகப்பே மேல்.

முக்கியமானது, இயந்திரத்தில் பொறித்த வரிசை எண். செல்சீ தன் பழைய விற்பனைப் பேரேடுகளை வைத்திருக்கிறது; எண்ணைக் கொடுத்தால் எப்போது, யாருக்கு விற்றது என்று தேடிச் சொல்வார்கள். விற்பவரிடம் இயந்திரத்தின் படம் கேள். தர மறுத்தால் விட்டுவிடு, வேறு வரும். படம் கிடைத்ததும் எனக்கும் அனுப்பு. அதுவரை விலை பேசாதே.

அன்புடன்,
அப்பா