எந்த வாரம் என்று கேட்காதே, எந்த உயரம் என்று கேள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் இலைகள் முழு நிறத்தில் இருக்க அக்டோபரில் எந்த வாரம் லீவு போடலாம் என்று கேட்டிருந்தாய். தேதி சொல்ல மாட்டேன். அந்த மலைப்பாதைக்குத் தேதியைவிட உயரம்தான் முக்கியம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனாண்டோவா பூங்காவை ஒட்டித் தொடங்கி, வட கரோலினாவில் ஸ்மோக்கி மலைகள் வரை 755 கிலோமீட்டர் ஓடுகிற சாலை அது. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அதன் உயரம் 200 மீட்டர்தான். ரிச்லேண்ட் பால்சம் மலை அருகே 1,845 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். அதனால் இலையுதிர்காலம் அங்கே எல்லா இடத்துக்கும் ஒன்றாக வருவதில்லை. செப்டம்பர் கடைசியில் உச்சிகளில் தொடங்கி, நவம்பர் ஆரம்பம் வரை சரிவுகளில் மெல்ல இறங்கும். நீ போகிற அன்று மேலே இலை கொட்டியிருந்தால் கீழே இறங்கு. கீழே பச்சையாகவே இருந்தால் மேலே ஏறு. ஒரு மணி நேர ஓட்டத்தில் இரண்டு வாரத்தைத் தாண்டிவிடலாம். இந்த வசதி சமவெளியில் கிடைக்காது.

அப்புறம், சிவப்பு எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. மஞ்சள் நிறமி இலைக்குள் முன்பே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதை அந்தப் பருவத்தில்தான் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி இல்லாத குளிர், இரண்டும் அமைந்தால் நிறம் தூக்கலாக இருக்கும். ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்று பார். வெயில் படும் கிளை செக்கச்செவேல் என்றிருக்கும், நிழலில் இருக்கும் கிளை மஞ்சளோடு நின்றிருக்கும். சில சிவந்த இலைகளில், மேலே இன்னொரு இலை மறைத்த இடம் மட்டும் அதன் வடிவத்திலேயே மஞ்சளாகத் தெரியும். காருக்குள் இருந்தால் இது கண்ணில் படாது.

ஆகவே நிறைய தூரம் ஓட்டத் திட்டம் போடாதே. அங்கே வேக வரம்பே மணிக்கு 45 மைல்தான், பல இடங்களில் அதற்கும் குறைவு. 418-வது மைல்கல் அருகே கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் இறங்கி நடங்கள். 1,500 மீட்டருக்கு மேலே இருப்பதால் நிறம் அங்கே சீக்கிரமே வந்துவிடும். சற்றுத் தூரத்திலேயே அருவி இருக்கிறது. கூட்டமும் அதிகம், அதனால் விடிந்த கையோடு போய்விடுவது நல்லது. அந்த நேரத்தில் பள்ளத்தாக்குகளில் மூடுபனி தேங்கியிருக்கும், சாய்வாக வரும் வெயில் இலைகளை ஊடுருவும். நடுப்பகல் வெளிச்சத்தில் அதே மரங்கள் வெளிறித் தெரியும். மதியத்தை ஓய்வுக்கு வைத்துக்கொள்.

கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றிப் போகும் லின் கோவ் பாலத்தையும் தவறவிடாதே. மலையை வெட்டாமல், 153 கான்கிரீட் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, பாறைகளுக்கு மேலே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1935-இல் வேலை தொடங்கிய இந்தச் சாலை, 1987-இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் முழுமை பெற்றது. ஒரு மலையின் மேல் மனிதர்கள் இத்தனை அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்கு மனசு நிறைகிற விஷயம்.

சில்லறை விஷயங்கள்: பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஏறும் முன்பே நிரப்பிக்கொள். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவை. சுரங்கப் பாதைகளில் காரின் முன்விளக்கைப் போடச் மாப்பிள்ளையிடம் சொல்லு. 2024-இல் ஹெலீன் புயல் அந்தச் சாலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அதனால் கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிடு.

சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு வார நடுவில் இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. கிடைத்தால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்