கீழ்த்தோட்டத்துப் பனி

எமரால்டு, நீலகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பதில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து "சாப்பிட்டாளா" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பருவநிலை மாறியதை எப்போது உணர்ந்தீர்கள் என்று கேட்டிருந்தாய். தாத்தா நீர்ப்பனிக்கு ஒரு மாதம், உறைபனிக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்திருந்தார். இப்போது அதை நம்பி நான் நாற்று விடுவதில்லை. ஆனால் கீழ்த்தோட்டம் கருகிய பழியைப் பருவநிலையின் தலையில் கட்டிவிடாதே. அது என் கைவரிசை.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, காட்டுமாடு நுழைகிறதென்று ஓடையோரம் நெருக்கமாக சைப்ரஸ் வேலி வைத்தேன். அது ஆளுயரம் வளர்ந்த பிறகு, வேலிக்கு மேல்பக்கத்து இரண்டு வரிசைத் தேயிலை தை மாதம் தவறாமல் கருகியது. தாகைச் செடியை வெட்டித் தேயிலையை மூடியும் பலனில்லை. மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழக்கும், அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கும் என்று போன ஜனவரியில் நீதான் சொன்னாய். அதற்கு நான் அணை கட்டியிருக்கிறேன்! நீ வெப்பநிலை பதியும் டப்பா மாட்டிய வாரம் மேட்டில் 4 டிகிரி, கீழே -2.

நீ கிளம்பியதும் வேலியை மூன்று இடத்தில் வெட்டித் திறந்தேன். இந்த வருஷம் கீழே 1 டிகிரிக்குக் குறையவில்லை. ஆனால் மேகமும் அதிகம். வேலிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்தப் புல்வெளி விஷயம். உறைபனி விழும் புல்மேட்டில் சோலை நாற்று பிழைப்பது கஷ்டம், மலை மடிப்புகளில்தான் சோலைக்காடு நிற்கும். அந்தப் புல்மேட்டைத் தரிசு என்று நினைத்து, தோல் பதனிடச் சீகை (வாட்டில் மரம்), நார் ஆலைக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்று நட்டார்கள். சின்ன வயதில் நானும் கூலிக்குக் குழி எடுத்திருக்கிறேன். சீகை பனிக்கும் அடங்கவில்லை, யாரும் நடாத இடத்திலும் பரவிவிட்டது. இதையும் எழுதிக்கொள்.

நீ அனுப்பிய செயற்கைக்கோள் படத்தில் நம் சரிவு முழுக்க ஒரே பச்சை. வேலியும் தெரியவில்லை, வெட்டிய இடமும் தெரியவில்லை. நோட்டில் வரைந்து அனுப்புகிறேன்.

கீழ் டப்பாவில் விளக்கு மின்னவில்லை. எந்த பேட்டரி போடணும் என்று சொல். வெட்டிய இடைவெளி வழியாகக் காட்டுமாடு வர ஆரம்பித்துவிட்டது. அதற்கு அம்மா உன்னைத்தான் திட்டுகிறாள்.

அன்புடன்,
அப்பா