சருகை அள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த இலையுதிர்காலப் படங்களைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறேன். மேப்பிள் மரத்தின் சிவப்பு அச்சில் அப்படியே வந்திருந்தது. அந்தப் படங்களில் எல்லாமே கிளையும் வானமும்தான். நானோ இரண்டு மாதமாக எங்கள் பூங்காவில் காலை நடையில் தரையைப் பார்த்தபடி நடக்கிறேன். அங்கே கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அணில். குளிர்நாட்டுச் சாம்பல் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, ஆளும் பெரியது. ஓக் மரத்தடியில் ஒரு கொட்டையை எடுத்தால் உடனே புதைத்துவிடாது. முன்னங்கால்களில் வைத்து உருட்டும், முகரும், தலையை ஒரு வெட்டு வெட்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளை ஓக் கொட்டை விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைவிட்டுவிடும், சேமிக்க உதவாது. அதனால் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடும். புதைக்க நினைத்தாலும் முளை வரும் இடத்தைக் கடித்தெடுத்துவிட்டுப் புதைப்பதுண்டு. சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை முளைக்காது, அதை முழுசாகப் புதைக்கலாம்.

போன வாரம் ஒரு அணில் குழி தோண்டி, வாயை உள்ளே விட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு சருகையும் இழுத்துப் போட்டது. பத்தடி தள்ளி இன்னொரு அணில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் அணில் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன், கொட்டை அதன் வாயிலேயே இருந்தது! திருட வருபவரை ஏமாற்ற இவை இப்படிப் பொய்க்குழி தோண்டும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டபோது நடக்க மறந்து நின்றுவிட்டேன்.

இந்த அணில்கள் அமெரிக்க நகரங்களுக்குத் தாமாக வந்து சேர்ந்தவை அல்ல. 1847-இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் மூன்று அணில்களைக் கொண்டுவந்து விட்டு, கூட்டுப் பெட்டியும் தீனியும் வைத்தார்கள். அப்புறம் மற்ற நகரங்களும் அப்படியே செய்தன. 2018 அக்டோபரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் தன்னார்வலர்கள் கணக்கெடுத்தபோது 2,373 அணில்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மனிதர் கொண்டுவந்து விட்டவை என்பதால் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் மனிதருக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இனி என் குறைக்கு வருகிறேன். அக்டோபர் கடைசி நாளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நெருங்கும்போது ஒரு தடவை, நவம்பர் கடைசியில் குடும்பமாகக் கூடி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்னால் இன்னொரு தடவை, பூங்காவுக்குள் இலை ஊதும் இயந்திரங்கள் வந்துவிடுகின்றன. விருந்தாளி வரும் வீட்டைப் பெருக்குவது மாதிரி மரத்தடிவரை துடைத்து, சருகையெல்லாம் காகிதப் பைகளில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பைக்குள் போவது வெறும் சருகு இல்லை. லூனா அந்துப்பூச்சி இலையைத் தன்மேல் சுற்றிக் கூடு கட்டி, சருகோடு சருகாகக் கிடந்துதான் குளிர்காலத்தைத் தாண்டுகிறது. பழுப்பும் கறுப்புமாக இருக்கும் கம்பளிப்பூச்சி அந்தச் சருகுக்கடியில் சுருண்டு படுத்து, உடம்பு உறைந்துபோனாலும் சாகாமல் வசந்தத்தில் எழுந்து நகரும். பம்பிள் தேனீக் கூட்டத்தில் குளிருக்கு முன் மற்றதெல்லாம் செத்துப்போக, புது ராணி மட்டும் மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கித் தூங்குகிறாள். அவளுக்கு மேலே கிடக்கும் சருகுதான் போர்வை. அதை அள்ளிவிட்டு, அடுத்த மே மாதம் பூவைச் சுற்றித் தேனீயைக் காணோமே என்று பேசுவது நியாயமா?

நடைபாதையில் சருகு வேண்டாம். நனைந்தால் வழுக்கும், வயதானவர்கள் நடக்கிற இடம். புல்வெளியிலும் ஓரளவு ஒதுக்கட்டும். மரத்தடியையும் புதரடியையும் மட்டும் விட்டுவிட்டால் போதும். கேட்பது அவ்வளவுதான்.

அடுத்தது ஹாலோவீன் வலை. செடிவேலியில் பஞ்சு மாதிரி இழுத்துக் கட்டும் போலிச் சிலந்திவலையைச் சொல்கிறேன். போன வருடம் நவம்பர் முதல் வாரத்தில், விழா முடிந்தும் யாரும் கழற்றாத ஒரு வலையில், பூங்கா வாசலருகே, ஒரு கிங்லெட் மாட்டிக்கொண்டிருந்தது. உச்சந்தலையில் மஞ்சள் கோடு போட்ட குருவி. ஐந்தாறு கிராம்தான் இருக்கும். அந்த வாரங்களில் இவை தெற்கே போகிற வழியில் பூங்காவில் இறங்கி இரை தேடும். ஒரு கால் முழுக்க நூல், இறக்கையின் நுனியிலும் நூல். நாய் கூட்டிவந்த ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து நகம்வெட்டும் கத்தரி எடுத்துக் கொடுத்தார். நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு இழையாக வெட்டினார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. விட்டதும் பக்கத்துப் பைன் மரத்துக்குப் பறந்துவிட்டது. ஆனால் அதே வலையில் செத்து ஒட்டியிருந்த பூச்சிகளை எண்ணி முடியவில்லை. பிள்ளைகளுக்கு வலை வேண்டும் என்றால் வீட்டுக்குள்ளே சன்னலில் கட்டலாம். வெளியே கட்டியே ஆகவேண்டும் என்றால் பறவை கண்ணில் படும்படி தடித்த கயிற்றில் கட்டி, மறுநாளே கழற்றிவிடலாம்.

விழாவை விடச் சொல்லவில்லை, எனக்கும் அவை பிடிக்கும். விழா மாறக்கூடியது என்பதுதான் என் நம்பிக்கை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து, யார் அதிகம் சுட்டுக் குவிப்பது என்று பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடுவார்கள். 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டில் 27 பேர்தான் எண்ணினார்கள். இன்று பல நாடுகளில் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை ஆயிரக்கணக்கானவர்கள் தொலைநோக்கியோடு கிளம்புகிறார்கள். ஒரு மனிதரின் யோசனை அது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறையன்று சாப்பாட்டுக்கு முன் ஒரு மணிநேரம் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், மரத்தடிச் சருகை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவைக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன? எத்தனை அணில், எத்தனை பறவை என்று ஒரு தாளில் அவர்களே எழுதட்டும்.

இந்தக் கடிதத்தை அக்டோபர் முடிவதற்குள் வெளியிட முடிந்தால் உதவியாக இருக்கும். வலை கட்டிய பிறகு படிப்பதைவிடக் கட்டுவதற்கு முன் படிப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்