எந்த லினக்ஸ் என்பதை ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. அதனால் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் பலவும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், வீடுகளிலும் சிறு கடைகளிலும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கின்றன. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. கும்பகோணத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருபவன் என்ற முறையில் அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த லினக்ஸ், யாருக்கு என்று சொல்லாமல் விட்டால் அந்த அறிவுரையே பலரை லினக்ஸிலிருந்து விரட்டிவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை மட்டுமே. அதன்மேல் மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவும் வகையில் பல குழுக்கள் தருபவையே வழங்கல்கள். கல்லூரிப் பிள்ளைகள் டிஸ்ட்ரோ என்பார்கள். திரையில் தெரியும் அழகை வைத்து அவற்றை ஒப்பிடுவதால் பயனில்லை, அதை எந்த வழங்கலிலும் மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது, அது எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதை. டெபியன் நிலைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத்திருத்தங்களும் மட்டுமே வரும். பெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு தருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் பதின்மூன்று மாதந்தான். ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது; புதியது வரவர மாறிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்கும் முன் அந்தத் திட்டத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும் என்பது அதைப் பயன்படுத்துவோரிடம் எதிர்பார்க்கப்படும் கடமை.

அந்தக் கடமையை யார் செய்வது என்று யோசிக்காததால் வந்த வினையை ஒரு மளிகைக் கடைக்காரரிடம் கண்டேன். பொறியியல் படிக்கும் அவருடைய அக்காள் மகன், இப்படித் தொடர்ந்து மாறும் ஒரு வழங்கலைக் கடைக் கணினியில் நிறுவிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டான். இரண்டு மாதம் குறையொன்றும் இல்லை. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, திரையில் வந்த புதுப்பிப்பு அறிவிப்பை அவர் அழுத்தியிருக்கிறார். மறுநாள் காலை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டுமே நின்றன. பையனுக்கோ பருவத்தேர்வு. பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றவர் முதலில் கேட்டது, "தம்பி, கடன் கணக்கெல்லாம் உள்ளே இருக்குமா?" என்பதைத்தான். இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலின், குறைந்த நினைவகத்திலும் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்டை முடுக்கி, பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்தேன். அங்கேயே அமர்ந்து, இரண்டு விரலால் "உளுந்து 5 கிலோ" என்று தட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்தார். பையன் போட்டதும் நல்ல வழங்கல்தான், அவனுடைய மடிக்கணினிக்கு.

ஆகவே என்னிடம் வருவோரிடம் கணினியைப் பற்றிக் கேட்பதற்கு முன், "ஒரு நாள் காலை இது எழும்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். நானே உட்கார்ந்து படித்துச் சரிசெய்வேன் என்கிற மாணவர் தாராளமாக ஆர்ச்சுக்குப் போகலாம்; அதன் விக்கிப் பக்கங்கள் மற்ற வழங்கல்காரர்களும் தேடிப் படிக்கும் அளவுக்குச் செறிவானவை, ஓராண்டில் அவர் கற்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உங்களிடம்தான் கொண்டுவருவேன் என்பவருக்கு மின்ட் அல்லது உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. என் கடைக் கணக்கு டெபியனில் இருக்கிறது, ஏனென்றால் எனக்கு அங்கே எந்தப் புதுமையும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் ஹார்டு டிஸ்கைத் தொடுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து இயக்கி அரைமணி நேரம் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, மடிக்கணினியின் மூடியை மூடித் திறந்தால் திரை திரும்புகிறதா என்று பார்த்துவிட்டால் பிறகு வரும் வருத்தத்தில் பெரும்பகுதி வராமலே போகும். இந்த மூடிச் சோதனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டேலியில் கணக்கு வைத்திருப்பவர்களையும், பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு அச்சுவேலை செய்பவர்களையும் நான் லினக்ஸுக்கு மாற்றுவதில்லை. அவர்களுடைய பிழைப்பு அந்த மென்பொருள்களில் இருக்கிறது, அவை லினக்ஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதனால் லினக்ஸ் என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஒரு வழங்கலை அறிமுகப்படுத்தும்போது, அதற்கு எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு, எவ்வளவு நினைவகம் வேண்டும், புதுப்பிப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையா என்ற மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.