நிஜக் காதல் தேவைப்படாத திரைக்காதல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வெளிவந்த, 'காசாபிளாங்கா' என்ற ஹாலிவுட் திரைப்படம் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால், ஹம்ப்ரி போகார்ட்டும் இங்க்ரிட் பெர்க்மனும் நிஜ வாழ்விலும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தால் ஒழிய, திரையில் அத்தகைய நெருக்கம் கூடி வந்திருக்காது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அரிய நடிப்பை வெறும் கிசுகிசுவாகச் சுருக்கிவிடும் கருத்து இது.

1942ஆம் ஆண்டு மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியபோது இருவருக்கும் இடையே பெரிய பழக்கம் எதுவும் இல்லை. பிறகும் அது வளரவில்லை. போகார்ட்டை முத்தமிட்டேனே தவிர அவரை அறிந்ததில்லை என்ற பொருளில் பெர்க்மன் பின்னாளில் கூறியது பலரும் அறிந்ததே. இருவரும் ஜோடியாக நடித்த படமும் இது ஒன்றுதான். இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காதலின் உச்சமாக நாம் கொண்டாடும் பாரிஸ் காட்சிகள், அவர்கள் பழகித் தேர்ந்த பிறகு எடுக்கப்பட்டவை அல்ல, படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டவை. பெர்க்மன் சற்று உயரமானவர் என்பதால், போகார்ட்டின் காலணிக்கு அடியில் உயரம் கூட்ட வேண்டியிருந்தது. இத்தனை செயற்கைகளுக்கு நடுவே நின்றுதான் அவர்கள் நம்மைக் கலங்க வைத்தார்கள்.

எப்படி என்பதற்கு, ரிக்கின் (போகார்ட்) இரவு விடுதியில், முன்பு பாரிசில் அவனைக் காதலித்துப் பிரிந்த இல்சா (பெர்க்மன்) முதன்முதலாக நுழையும் இரவே போதிய சான்று. பழைய பாட்டை வாசிக்கும்படி அவள் கேட்க, விடுதியின் பியானோ கலைஞன் சாம் நினைவில்லை என்று மழுப்புகிறான். அவளே மெல்ல முணுமுணுத்துக் காட்டியதும் வேறு வழியின்றி வாசிக்கிறான். அப்போது கேமரா அவனைவிட்டு அவள் முகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசனின் மென்மையான ஒளியில் கண்கள் மின்ன, பெர்க்மன் எதுவும் பேசாமல், ஏறத்தாழ அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரிக் இன்னும் காட்சிக்குள் வரவே இல்லை, ஆனால் காதல் முழுவதும் வந்துவிட்டது. கோபத்தோடு சாமை அதட்ட வரும் ரிக் அவளைப் பார்த்த கணத்தில் வாயடைத்துப்போகிறான். சாமோ நாற்காலியைப் பியானோவின்மேல் தூக்கி வைத்து, பியானோவை அவசரமாக அப்பால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறான். பின்னர் இல்சாவின் கணவனும் நாஜி எதிர்ப்புப் போராளியுமான லாஸ்லோவும் காவல் அதிகாரியும் உடனிருக்க நடக்கும் உரையாடலில் காதல் என்ற பேச்சே எழுவதில்லை. ஜெர்மானியர் பாரிசுக்குள் நுழைந்த நாளில் அவர்கள் சாம்பல் நிறமும் நீ நீல நிறமும் உடுத்தியிருந்தீர்கள் என்று ரிக் சொல்வதோடு சரி. அந்த ஓரிரு சொற்களுக்குள் போகார்ட் அடக்கி வைத்திருக்கும் வலியை, விரல்கூடத் தொடாத அந்த இடைவெளியை, நிஜ வாழ்வின் பழக்கம் எங்கிருந்து தந்திருக்க முடியும்?

திரைக்கதை முழுமையாக முடியாமலேயே படப்பிடிப்பு நடந்ததால், இல்சா இறுதியில் யாருடன் போவாள் என்பது தமக்கே தெரியாமல் நடித்ததாகப் பெர்க்மன் கூறியிருக்கிறார். ரிக், லாஸ்லோ இருவருக்கும் நடுவில் நின்று நடிக்கும்படி இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் சொன்னாராம். அந்தத் தவிப்பு அவருடைய பார்வையில் கலந்திருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

லாஸ்லோவைக் கட்டுரை ஓரங்கட்டிவிட்டதும் வருத்தமளிக்கிறது. விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகளின் பாட்டை மீறி அவர் பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கும்போது, வாத்தியக்காரர்களுக்கு ரிக் தலையசைத்து அனுமதி தருகிறான். இல்சாவோ தன் கணவனைப் பெருமிதத்தோடு பார்க்கிறாள். அந்தத் தலையசைப்பும் இந்தப் பார்வையும் இல்லையென்றால், இறுதியில் ரிக் இல்சாவைக் கணவனோடு அனுப்பிவைக்கும் விமான நிலையப் பிரிவுக்கு நியாயமே இருக்காது. கண்ணீர் மல்கப் பாடும் மதலேன் லபோவும், சூதாட்ட மேசையை நடத்துபவராக வரும் மார்செல் தாலியோவும் உண்மையிலேயே நாஜிகளிடமிருந்து தப்பி பிரான்சை விட்டு ஓடிவந்தவர்கள். கொடூர ஜெர்மானிய மேஜராக நடித்த கான்ராட் வைட்டும் நாஜி ஜெர்மனியைத் துறந்தவரே. தங்கள் துயரத்தை நடிப்பாக்கிய இவர்கள் சூழ்ந்திருந்ததால்தான் இரண்டு பேரின் பிரிவு ஒரு காலத்தின் பிரிவாகக் கனக்கிறது.

1943ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றையும் இப்படம் பெற்றது. போகார்ட் பரிந்துரைக்கப்பட்டார், பெர்க்மனுக்கோ அவ்வாண்டில் வேறொரு படத்துக்காகத்தான் பரிந்துரை கிடைத்தது. அன்று இல்சாவுக்கு மறுக்கப்பட்ட மதிப்பை இன்று நாமும் மறுக்கலாகாது. ஆகவே, இத்தொடரில் அடுத்து வரும் ஜோடிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் படப்பிடிப்புக்கு வெளியே எப்படிப் பழகினார்கள் என்பதைவிட, குறிப்பிட்ட ஒரு காட்சியில் எப்படி நின்றார்கள், எங்கே நிறுத்திப் பேசினார்கள், ஒளியமைப்பும் படத்தொகுப்பும் அவர்களுக்கு எவ்வாறு துணைநின்றன என்பதை விரிவாக எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்