பாட்டிலின் பின்பக்கத்தில் இரண்டு வரி கேட்கிறோம்

மூலிகைப் பொருள்களின் லேபிளுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கற்றாழைச் சாறு, இலவங்கப்பட்டைத் தூள் இரண்டைப் பற்றியும் நீங்கள் அறியாதது எதுவும் இல்லை. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் என் அத்தையை மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். கால் வீக்கத்துக்காக நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. சில வாரங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறும், கூடவே ஒரு தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூளும் சாப்பிட்டு வந்திருக்கிறார். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. குடலைப் பிசைவது போன்ற வலி. கடைசியில் எழுந்து நிற்கவும் கால்களில் வலுவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கிவிட்டது என்றார்கள்.

மருத்துவர் சாற்றையும் தூளையும் எடுத்துவரச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகள் எளியவை. சாறு இலையின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது? மஞ்சள் பால் நீக்கப்பட்டதா? பட்டை எந்த வகை? பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘முற்றிலும் இயற்கை’, அதற்குக் கீழே ‘பக்கவிளைவு அற்றது’. பின்பக்கம் ‘கற்றாழைச் சாறு’, ஒரு பதப்படுத்தும் பொருளின் பெயர், தயாரித்த தேதி. தூள் பொட்டலத்தில் ‘இலவங்கப்பட்டை’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் கைப்பேசி விளக்கை அடித்துப் பிடிக்க, அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோயாளி உட்கொள்ளும் பொருள்களை எழுதும் தாளில் இடம் இருந்தது. எழுத விவரம்தான் இல்லை.

அந்த விவரத்தைத்தான் கேட்கிறோம். கற்றாழை என்றால் எந்தப் பகுதி, மஞ்சள் பாலில் இருக்கும் அலோயின் எவ்வளவு; இலவங்கப்பட்டை என்றால் எந்த வகை, அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் எவ்வளவு. இரண்டே வரிகள்.

கற்றாழை மடலை அறுத்துப் பார்த்த எவருக்கும் தெரியும். நடுவில் நிறமற்ற சோறு. பச்சைத் தோலை ஒட்டி மஞ்சளாகக் கசியும் கசப்புப் பால். சோறு குளிர்ச்சி. பாலில் இருக்கும் அலோயின் கடுமையான பேதி மருந்து. அது குடலிலிருந்து நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும்; டிகாக்ஸின் போன்ற இதய மருந்து எடுப்பவருக்கு அதுவே பேராபத்து. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. இந்தப் பாலைக் கொண்டு செய்த, மருந்துச் சீட்டின்றி விற்ற மலமிளக்கிகளை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2002-இலேயே சந்தையிலிருந்து விலக்கியது. பாதுகாப்பானவை என்று காட்டும் தரவுகளைத் தயாரிப்பாளர்கள் தரவில்லை. தோலோடு அரைத்த முழு இலைச் சாற்றை, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. வடித்து நீக்கினால் அலோயின் குறையும். குடிக்கும் சாற்றில் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று கற்றாழைத் தொழிலின் சர்வதேச அமைப்பே தன் தரச்சான்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அளக்க முடிந்ததை அச்சிட என்ன தடை?

இலவங்கப்பட்டையின் கதை வேறு. இலங்கை வகைப் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். காசியா வகை தடித்த ஒற்றை ஓடு, எளிதில் உடையாது. பட்டையாக வாங்கினால் கண்ணால் பிரித்தறியலாம். தூளாக்கிவிட்டால் வீட்டில் எவராலும் முடியாது. இலங்கை வகையில் கூமரின் மிகச் சொற்பம். காசியாவிலோ கிலோவுக்குச் சராசரியாக 3000 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம் தூளிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடும். ஒரு தேக்கரண்டியில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சமையலுக்கு எப்போதாவது ஒரு துண்டு போடுவதை யாரும் குறை சொல்லவில்லை. மருந்தாக நினைத்து மாதக்கணக்கில் தினமும் விழுங்குபவரின் கல்லீரல்தான் கவலை. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகும் அபாயமும் உண்டு.

இன்னும் ஒன்று. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதை விசாரித்தபோது, ஆப்பிள் கூழில் சேர்த்த இலவங்கப்பட்டைத் தூளில்தான் அது கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகும் தூளின் மூலத்தை எழுத வேண்டியதில்லை என்றால், இன்னும் எத்தனை குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்? ஒரு தலைவலி மாத்திரைக்கு அட்டைக்குள் மடித்து மடித்துத் தாள் வைக்கிறார்கள். அதே கடையில், அடுத்த அலமாரியில் நிற்கும் மூலிகைப் பாட்டிலுக்கு ‘இயற்கை’ என்ற ஒரு சொல் போதுமென்று யார் முடிவு செய்தது? ‘பக்கவிளைவு அற்றது’ என்ற வாசகத்துக்கு எந்த ஆதாரத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தீர்கள்? காணொளிகளில் அளவு சொல்லாமல் வைத்தியம் சொல்பவர்களை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது என்பது புரிகிறது. லேபிள் உங்கள் கையில்தானே இருக்கிறது!

குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டு வைத்தியத்துக்கு எதிரி அல்ல. சிறு சூட்டுக் காயத்துக்குக் கற்றாழைச் சோறு நல்லது என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியும்வரை நிறுத்திவைத்து, கழுவி, தோலைச் சீவிவிட்டுச் சோற்றை மட்டும் எடுத்து, முழங்கையின் உட்புறம் சிறிது தடவி அரிப்பு இல்லையென்று பார்த்த பிறகே பூச வேண்டும். ஆழமான காயத்தில் வைக்கக் கூடாது. வீட்டில் நாங்கள் செய்யக்கூடிய கவனம் இவ்வளவுதான். மூடி வந்த பாட்டிலுக்குள் எதை வடித்தார்கள், எதை விட்டார்கள் என்பதை நீங்கள் சொல்லவைத்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். கற்றாழையின் பகுதியும் அலோயின் அளவும், இலவங்கப்பட்டையின் வகையும் கூமரின் அளவும் ஒவ்வொரு லேபிளிலும் கட்டாயமாகட்டும். முடிந்தால் கீழே, சர்க்கரை, இதய, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்தின் பாதி அளவிலாவது அது இருக்கட்டும்; என் அத்தை கண்ணாடி போட்டுத்தான் படிப்பார். என்ன முடிவு எடுக்கிறீர்கள் என்பதை வெளிப்படையாக அறிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கும் ஒருவர்